கடன்படாத வாசம்

1

அனுபவம் என்ற சொல்லைக் கண்டால் நம் விமர்சகர்கள் கேள்வி கேட்காமல் கும்பிட்டுவிடுகிறார்கள். ஒரு கவிதை நன்றாக இருந்தால் அதில் அனுபவம் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. அத்தோடு விவகாரம் முடிந்தது. நேர்ந்ததெல்லாம் அனுபவமாகிவிடுமா, எதைக் கொடுத்து அது பெறப்படுகிறது, கொடுக்காமலே பெற வழியுண்டா என்பவை கேட்கப்படுவதில்லை. இவற்றை அந்தரத்தில் வைத்துப் பேசுவதைவிட ஸ்தூலமான ஒரு உதாரணத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. ஐரோப்பாவில் ஒரு மாணவன் தன் நாட்டை விட்டு இன்னொரு நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டுத் திரும்புகிற ஏற்பாட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். அனுபவத்தையே நோக்கமாக அறிவித்து, அதற்குக் கால எல்லை வகுத்து, அளக்கக் கருவியும் செய்துவைத்திருக்கிற ஏற்பாடு அது.

எராஸ்மஸ் என்று அதற்குப் பெயர். 1987ல் அன்றைய ஐரோப்பியச் சமூகம் அதைத் தொடங்கியது. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று ஒவ்வோர் ஆண்டும் லட்சக்கணக்கானவர்கள் போகிறார்கள். அளவுகோல் 1989ல் பரிசோதனையாக வந்தது: ஓராண்டுப் படிப்பு 60 கிரெடிட், செமஸ்டர் 30. ஒரு கிரெடிட் 25லிருந்து 30 மணி நேர உழைப்புக்குச் சமம். மாணவன் புறப்படுவதற்கு முன்பே அவனும், அனுப்புகிற பல்கலைக்கழகமும், ஏற்கிற பல்கலைக்கழகமும் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகின்றன. அங்கே என்ன படிப்பான், அது இங்கே எதற்கு ஈடாகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். திரும்பும்போது அவன் கையில் ஒரு மதிப்பெண் பட்டியல் இருக்கும். அந்த ஊர் அவனுக்குக் கொடுத்தது அதில் இத்தனை கிரெடிட் என்று எழுதப்பட்டிருக்கும்.

கிரெடிட் என்பது கணக்குப் புத்தகத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த சொல். ஒருவன் பக்கம் வரவு என்றால் இன்னொருவன் பக்கம் பற்று இருந்தாக வேண்டும். மாணவனுக்கு வரவாகும் 30க்கு எதிராகப் பற்று எழுதப்படுவது யார் ஏட்டில்? அந்த ஊருக்கு அவன் என்ன கடன்பட்டான்? எதுவும் படவில்லை என்றுதான் ஏற்பாடு சொல்கிறது. நம் மொழியில் 'கடன்' வாங்கியதையும் குறிக்கும், செய்தாக வேண்டியதையும் குறிக்கும். பணத்துக்கும் கடன், இறந்தவனுக்குச் செய்வதும் கடன்தான். ஒரு இடத்துக்கு இந்த இரண்டு அர்த்தத்திலும் கடன்படாமல், அந்த இடத்தின் அனுபவத்தை ஒருவன் பெற முடியுமா என்பதே இங்கு என் கேள்வி.

2

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். எண்ணைக் கண்டாலே நம்மில் பலருக்குக் கேலி வந்துவிடும். ஆனால் கிரெடிட்டுக்குப் பின்னால் நியாயமான ஒரு கோபம் இருக்கிறது.

சோபியா கொர்ராதி என்ற இத்தாலிய மாணவி ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, 1957-58ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து முதுகலைப் பட்டம் வாங்கினார். ரோமுக்குத் திரும்பியபோது அங்கிருந்த பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்தது. படிக்க வேண்டிய காலத்தில் ஊர் சுற்றிவிட்டு வந்தவளாக அவர் நடத்தப்பட்டார். அந்த அவமானம் அவரை விடவில்லை. அயல்நாட்டில் படித்தது சொந்த நாட்டிலும் செல்லுபடியாக வேண்டும் என்று 1969லிருந்து அலுவலகம் அலுவலகமாக அவர் வாதாடினார். எராஸ்மஸ் திட்டம் உருவானதில் அந்தப் பிடிவாதத்துக்குப் பெரும் பங்குண்டு. பிற்காலத்தில் இத்தாலியில் அவரை 'எராஸ்மஸ் அம்மா' என்றே அழைத்தார்கள்.

அவர் கேட்டது எளிமையானது: 'நான் கற்றேன், கற்றதை இல்லையென்று சொல்லாதே.' ஒரு மனிதன் வாழ்ந்த ஒரு வருஷத்தை ஒரு அலுவலகம் பூஜ்யமென்று எழுதினால் அது அறிவின் மேல் செய்யப்படும் வன்முறை. எனவே எண்ணுவதே பாவம் என்ற கவிஞனின் முணுமுணுப்பில் நான் சேர மாட்டேன். எண்ணப்படாதவர்களுக்குத்தான் எண்ணப்படுவதன் அருமை தெரியும்.

ஆனால் ஸ்தாபனம் ஒரு நியாயத்தை ஏற்றுக்கொள்ளும்போது அதைக் கொஞ்சம் திருப்பிப்போட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும். கொர்ராதி விஷயத்தில் வாழ்வு முதலில் வந்தது, எண் பிறகு வர வேண்டியிருந்தது. இப்போது எண் முதலில் வந்துவிடுகிறது. எண்ணப்படப்போவது எது என்று புறப்படும் முன்பே தீர்மானமாகிறது. பிறகு அதற்குத் தோதான ஐந்து மாதம் வாழப்படுகிறது. திட்டத்துக்கு வெளியே நேர்வது 'கூடுதல்'. அது விளம்பரத் தாளில் புகைப்படமாகும். மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடமில்லை.

3

ஜெர்மன் மொழியில் அனுபவத்துக்கு இரண்டு சொற்கள் உண்டு. எர்லேப்னிஸ் என்பதில் வாழ்தல் என்ற வினை இருக்கிறது; ஒரு கணத்தில் கூர்மையாக நேர்ந்துவிட்டுப் போவதை அது குறிக்கிறது. எர்ஃபாருங் என்பதில் பயணம் செய்தல் என்ற வினை இருக்கிறது; மெல்லப் படிந்து ஆளையே மாற்றுவதை, ஒருவர் இன்னொருவருக்குக் கைமாற்றித் தரக்கூடியதை அது குறிக்கிறது. வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதிய கட்டுரைகளில் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்கள், அத்தனை நேர்ந்தும், பிறருக்குச் சொல்ல எதுவுமில்லாமல் திரும்பினார்கள் என்பது அவர் கண்ட உண்மை. நேர்வது அதிகரிக்க அதிகரிக்க அனுபவம் அருகிப்போவது சாத்தியம் என்பதை அவர் காட்டினார்.

தமிழில் நாம் பட்டறிவு என்கிறோம். பட்டு அறிவது. படு என்ற அதே வினைதான் பாடுபடுவதிலும் அகப்படுவதிலும் இருக்கிறது, கடன்படுவதிலும் இருக்கிறது. சொல்லின் வேரைக் காட்டி வாதத்தை ஜெயித்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் இந்த வினை ஒரு ஸ்திதியைச் சரியாகச் சொல்கிறது. படுவதில் நாம் கர்த்தாவல்ல. நம்மை மீறிய ஒன்று நம்மேல் வந்து விழுகிறது, அதை நாம் தாங்கவேண்டியிருக்கிறது. திரும்பிப்போகும் தேதி பயணச்சீட்டில் அச்சாகியிருக்கிறவன்மேல் எது வந்து விழுந்தாலும் அது அந்தத் தேதிவரைதான். அறை பிடிக்கவில்லையா, பிப்ரவரிவரை பொறுத்துக்கொள்ளலாம். பேராசிரியர் புரியவில்லையா, ஜூனோடு போயிற்று. தேதி அவனைக் காப்பாற்றுகிறது. காப்பாற்றப்பட்டவன் எந்த அளவுக்குப் பட முடியும்?

4

பார்சலோனாவை எடுத்துக்கொள்வோம். எராஸ்மஸ் மாணவர்கள் விரும்பிச் சேரும் நகரங்களில் ஒன்று. செட்ரிக் கிளாபிஷ் 2002ல் எடுத்த பிரெஞ்சுப் படத்தின் களமும் அதுதான். பாரிஸிலிருந்து ஒரு பொருளாதார மாணவன் வருகிறான். ஸ்பானிய மொழி தெரிந்தால் நிதித்துறையில் வேலை கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள். பல நாட்டு இளைஞர்களோடு ஒரு வீட்டில் குடியிருக்கிறான். படத்தின் பெயருக்கு 'ஸ்பானிய விடுதி' என்று பொருள். பிரெஞ்சு வழக்கில் இது ஒரு மரபுத்தொடர். கூடவே கொண்டுபோனதை மட்டும் சாப்பிடக் கிடைக்கும் சத்திரத்துக்கு அப்படிப் பெயர். விடுதிக்காரனுக்கு அங்கே வேலையில்லை. வந்தவனும் அவனுக்கு எதுவும் பாக்கிவைப்பதில்லை.

படத்தில் ஒரு வகுப்பறைக் காட்சி. பேராசிரியர் கட்டலான் மொழியில் பாடம் நடத்துகிறார். ஒரு பெல்ஜிய மாணவி எழுந்து, அயல்நாட்டு மாணவர்களுக்காகக் காஸ்டிலியனில், அதாவது உலகம் ஸ்பானிஷ் என்று அழைக்கும் மொழியில், நடத்தக்கூடாதா என்று கேட்கிறாள். அவர் மறுத்துவிடுகிறார். அந்த மொழிதான் வேண்டுமென்றால் போக வேறு ஊர்கள் இருக்கின்றன என்கிறார். படம் இதை லேசான நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. நம்மால் அவ்வளவு லேசாகக் கடக்க முடியாது. பிரான்கோ ஆட்சி 1939லிருந்து 1975ல் அவர் சாகும்வரை நீடித்தது. அந்தக் காலத்தில் பள்ளியிலும் அரசு அலுவலகத்திலும் கட்டலானுக்கு இடம் மறுக்கப்பட்டது. வீட்டுக்குள் பிழைத்துக்கிடந்த மொழி வகுப்பறைக்கு வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. அதன்முன் ஒரு விருந்தாளி வந்து நின்று, 'நான் ஐந்து மாதம்தான் இருப்பேன், எனக்காக உன் மொழியை மாற்றிக்கொள்' என்கிறாள்.

மாணவியின் தரப்பிலும் நியாயம் உண்டு. அவளை அழைத்தவர்கள் அவர்கள்தான். கட்டலான் கற்க ஐந்து மாதம் போதாது. கற்றாலும் ஊர் திரும்பியபின் பேச ஆளில்லை. காஸ்டிலியனை நாற்பது கோடிக்கு மேற்பட்ட மக்கள் பேசுகிறார்கள். பயன் என்ற தராசில் அவள் சொல்வதே சரி. அந்தத் தராசில் நிறுத்துப்பார்த்துத்தான் உலகத்தின் பெரும்பாலான மொழிகள் நிராகரிக்கப்படுகின்றன. திட்டத்துக்குப் பெயர் தந்த ரோட்டர்டாமின் எராஸ்மஸ் பாரிஸ், கேம்பிரிட்ஜ், டூரின், வெனிஸ், லூவன், பாசெல் என்று ஐரோப்பா முழுவதும் அலைந்து 1536ல் பாசெலில் இறந்தார். அவர் எழுதியதும் விவாதித்ததும் லத்தீனில். அந்த லத்தீன் இருந்த இடத்தில் இப்போது ஆங்கிலம் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாணவர்கள் ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் நெருக்கமாகிறார்கள். ஊர் ஒரு பின்னணித் திரையாகிவிடுகிறது. பார்சலோனாவுக்குப் போய்வந்தவன் உண்மையில் போய்வந்தது தன்னைப்போலவே வந்திருந்த பத்துப்பேரிடம்.

மொழியாவது கண்ணுக்குத் தெரிகிற கடன். தெரியாத கடன் அவன் குடியிருக்கும் அறையில் இருக்கிறது. 2024 மார்ச்சில் கட்டலோனியாவின் நெருக்கடியான நகரங்களில் வீட்டு வாடகைக்கு உச்சவரம்பு வந்தது. குறுகிய கால 'பருவ' வாடகை ஒப்பந்தங்கள் அப்போது அந்த வரம்புக்குள் வரவில்லை. வீட்டுக்காரர்களில் பலர் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நிரந்தரமாகக் குடியிருக்க வீடு தேடிய குடும்பத்துக்குக் கதவு மூடிக்கொண்டது. சில மாதங்களுக்கு வந்தவனுக்கு, அவன் மாணவனானாலும் அயலூர் உத்தியோகஸ்தனானாலும், அது திறந்தது. மாணவன் யாரையும் துரத்தவில்லை. விளம்பரத்தைப் பார்த்தான், பணம் கட்டினான், சாவி வாங்கினான். தனிமனிதனாக அவன்மேல் குற்றமில்லை. ஆனாலும் அவன் படுக்கும் இடத்தில் வேறொருவர் படுக்க முடியாமல் போயிருக்கிறது. குற்றமில்லாமலும் கடன் உண்டு என்பது அறவியலின் பழைய சங்கடங்களில் ஒன்று. அந்தச் சங்கடத்தை உணர்வதற்குக் குறைந்தபட்சம் எதிர்வீட்டுக்காரரோடு பேசத் தெரிந்திருக்க வேண்டும். அங்கேயும் மொழிதான் வந்து நிற்கிறது.

5

இம்மானுவேல் காண்ட் தன் ஊரான கோனிக்ஸ்பெர்க்கையும் சுற்றுவட்டாரத்தையும் தாண்டி எங்கும் போனதில்லை. அப்படிப்பட்டவர் அங்கே நாற்பது ஆண்டுகள் பூகோளம் கற்பித்தார். நித்திய சமாதானம் பற்றி 1795ல் எழுதிய நூலில் அயலானின் உரிமையை வரையறுத்தார். பூமி உருண்டையானதால் மனிதர்கள் முடிவில்லாமல் விலகிப்போய்விட முடியாது. எங்காவது சந்தித்தாக வேண்டும். ஆகவே வந்தவனை விரோதியாக நடத்தக்கூடாது. ஆனால் இது வந்து பார்ப்பதற்கான உரிமை மட்டும். விருந்தாளியாகத் தங்குவதற்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்றார். வரவேற்பவனுக்கு மட்டும் அவர் விதி வகுக்கவில்லை. வருகிறவனுக்கும் எல்லை வகுத்தார். வந்து பார்ப்பது என்ற பெயரில் பிற நாடுகளைப் பிடித்துக்கொண்ட ஐரோப்பியர்களை அதே இடத்தில் கண்டிக்கவும் செய்தார்.

எராஸ்மஸ் மாணவனிடம் அந்தத் தனி ஒப்பந்தம் இருக்கிறது. அதே பார்சலோனாவில், துறைமுகத்தை ஒட்டிய நடைபாதையில் துணி விரித்துக் கைப்பையும் காலணியும் விற்று, போலீஸ் வந்தால் துணியின் நான்கு மூலைகளையும் கயிறோடு இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பல காலமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் செனகல்காரர்கள். இவர்களிடம் அந்த ஒப்பந்தம் இல்லை. காகிதம் பெற ஒரு வழி ஸ்பானியச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கு 'வேர்பிடித்தல்' என்ற பொருளில் பெயர். முன்பு மூன்று வருஷம், 2025 மே மாதத்திலிருந்து இரண்டு வருஷம், நாட்டில் தொடர்ந்து இருந்ததை நிரூபிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் காட்ட வேண்டும், அல்லது உறவு சார்ந்த ஆதாரம் வேண்டும். கட்டலோனியாவில் ஒருவர் ஊரோடு ஒட்டியிருக்கிறாரா என்று அறிக்கை தரும்போது மொழி வகுப்புக்குப் போன சான்றையும் பார்க்கிறார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். இரண்டு பேருமே அயலான்கள். இருவரையும் கணக்கெடுக்கிறார்கள். ஐந்து மாதம் இருப்பவனுக்கு ஊர் தன் மொழியை விட்டுக்கொடுக்கலாமா என்று விவாதம் நடக்கிறது. வருஷக்கணக்கில் இருப்பவன் அந்த மொழியைக் கற்றதாக நிரூபிக்க வேண்டும். முன்னவன் திரும்பிப்போனால் அவனுக்கு வரவு. பின்னவன் திரும்பிப்போகாததற்கு இத்தனை நிபந்தனை. முன்னவனுக்கு நேர்ந்ததை அனுபவம் என்கிறார்கள். பின்னவனுக்கு நேர்ந்ததைப் பிரச்னை என்கிறார்கள். பட்டறிவு என்ற நம் சொல்லை நேர்மையாகப் பயன்படுத்தினால் இருவரில் யாரிடம் அது இருக்கிறது என்பதில் சந்தேகம் வராது. 30 கிரெடிட் யாருக்குப் போகிறது என்பதிலும் சந்தேகமில்லை.

6

இங்கு வலுவான ஒரு ஆட்சேபணை வரும். அதைத் தவிர்த்துவிட்டு முடித்தால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஆட்சேபணை இது: கடனற்றிருப்பதே ஒரு மகத்தான அனுபவம் இல்லையா? தென் இத்தாலியின் ஒரு சிற்றூரிலிருந்தோ போலந்தின் ஒரு கிராமத்திலிருந்தோ ஒரு பெண் வருகிறாள். பிறந்ததிலிருந்து அவள் யாருடைய மகள், யாருடைய பேத்தி, எந்தத் தெரு என்று தெரிந்தவர்கள் நடுவில் வளர்ந்தவள். அவள் எடுக்கும் ஒவ்வோர் அடியும் குடும்பத்தின் கணக்கில் எழுதப்படும். இப்போது முதன்முறையாக அவள் யாரென்று தெரியாத நகரத்தில் நடக்கிறாள். சாப்பிடும் நேரமும் உறங்கும் நேரமும் அவளுடையவை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகாவிட்டால் யாரும் கேட்பதில்லை. எந்தக் கடனும் இல்லாத அந்த ஐந்து மாதத்தில்தான் தன் சுயம் என்ற ஒன்று இருப்பதே அவள் பிரக்ஞைக்கு வருகிறது. இவளிடம் போய், 'கடன்படு, கடன்படு' என்று உபதேசிப்பது மறுபடியும் அவளைக் கட்டிப்போடும் குரலாகாதா?

இந்த ஆட்சேபணைக்குப் பதில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் தொடக்கத்திலேயே கிடக்கிறது. பொலோனியாவில் சட்டம் படிக்கப் பல தேசத்தவர் வந்துகொண்டிருந்த காலம். அயலூர் மாணவனுக்கு அன்று ஒரு ஆபத்து இருந்தது. அவன் ஊர்க்காரன் எவனாவது பொலோனியாக்காரனுக்குப் பணம் பாக்கிவைத்துவிட்டு ஓடிப்போயிருந்தால், அந்தக் கடனுக்காக இவனைப் பிடித்துவைக்கலாம். சக்ரவர்த்தி பிரெடரிக் பார்பரோசா மாணவர்களுக்குப் பாதுகாப்பு அளித்துப் பிரகடனம் செய்தார். பொதுவாக 1158 என்று அதற்குத் தேதி குறிப்பார்கள். பிறருடைய கடனுக்காக ஒரு மாணவனைப் பிடிக்கக்கூடாது என்பது அதன் முக்கியமான ஷரத்து.

அந்த ஷரத்து எவ்வளவு நுட்பமானது என்பதைப் பார்க்க வேண்டும். பிறந்த இடத்தின் காரணமாக ஒருவன் தலையில் விழுந்த கடனிலிருந்து அது விடுவித்தது. அவனே பட்ட கடனிலிருந்து விடுவிக்கவில்லை. சிற்றூரிலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருப்பதும் இதே விடுதலைதான். தாத்தாவின் மானம், தெருவின் வாய், மாதாகோயிலின் கணக்கு எதற்கும் அவள் பொறுப்பாளியல்ல. இந்த விடுதலையில் ஒரு துளியைக்கூடக் குறைக்க நான் தயாரில்லை. ஆனால் எழுதிவைத்திருந்த கடனெல்லாம் அழிக்கப்பட்ட ஒரு சுத்தமான பக்கம் அவள் கைக்கு வந்திருக்கிறது. அதில் அவளே எதையும் எழுதாமல் அதை அப்படியே ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனால் அந்த விடுதலை ஒரு விடுமுறை மட்டும்தான். தானே தேர்ந்து, தன் கையெழுத்தில், தனக்கு உறவில்லாத ஒரு இடத்துக்குக் கடன்படும்போதுதான் அது அவளுடையதாகிறது.

அது என்ன கடன்? பெரிய தியாகம் எதையும் நான் மனதில் வைத்திருக்கவில்லை. ஊர் திரும்பியதும் உபயோகமற்றுப்போகும் என்று தெரிந்தே ஒரு மொழியைக் கற்க உட்காருவது. வகுப்பில் கையைத் தூக்கி மொழியை மாற்றச் சொல்லாமல், புரியாமலே ஒரு மாதம் உட்கார்ந்திருப்பது. தான் வாடகைக்கு எடுத்த அறையில் முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது. நடைபாதையில் துணி விரித்திருப்பவனைக் காட்சியாகப் பார்க்காமல், தன்னைவிட அதிக காலம் அங்கே இருக்கிற அயலானாகப் பார்ப்பது. இவை எதற்கும் கிரெடிட் கிடையாது. இவற்றுக்கும் எண் கொடுத்து மாணவர்களை ஊக்குவிக்கலாமே என்று ஒரு குழு பரிந்துரைத்தால் அன்றோடு இவையும் செத்துவிடும். கொர்ராதியின் நியாயம் அறிவு எண்ணப்பட வேண்டும் என்பது. எண்ணப்பட்டதற்கு அப்பால் ஒன்று எண்ணப்படாமலே இருக்க அனுமதிக்கப்பட வேண்டும் என்பது அதற்கு விரோதமல்ல. இரண்டும் சேர்ந்ததுதான் படிப்பு.

2014ல் ஐரோப்பிய ஆணையம் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. 1987லிருந்து எராஸ்மஸ் தம்பதிகளுக்குப் பிறந்த குழந்தைகள் சுமார் பத்து லட்சம் இருக்கலாமாம். பத்திரிகைகள் அதைச் சிரிப்போடு பிரசுரித்தன. எனக்கு அதில் வேறொன்று படுகிறது. எதையும் எண்ணாமல் விடாத ஒரு ஸ்தாபனம் தன் வெற்றிக்குச் சாட்சியாகக் கடைசியில் கூப்பிட்டது, செமஸ்டர் முடிந்தும் முடியாத, ஒப்பந்தத்தில் இல்லாத, கைமாற்றவோ தள்ளுபடி செய்யவோ முடியாத ஒரு கடனைத்தான்.

திரும்பிப்போகும் தேதியை யாரும் ரத்து செய்ய வேண்டியதில்லை. மாணவன் திரும்பத்தான் வேண்டும். ஆனால் திரும்பிய பிறகு, அங்கே ஏதோ ஒரு பாக்கி இருக்கிறது, அதைத் தீர்க்க வழியில்லை என்ற உறுத்தல் அவனுக்கு இருந்தால் அவன் அங்கே இருந்தான் என்று சொல்லலாம். கவிதை பற்றியும் நான் இதையே சொல்வேன். எழுதுகிறவன் தான் எடுத்துக்கொண்டதற்கு எங்கே கடன்பட்டிருக்கிறான் என்பது தெரியாத கவிதையில், நேர்ந்தவை எத்தனை இருந்தாலும், அனுபவம் இருப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.